ராத்திரி டூட்டிக்கு மட்டும் வரும் டாக்டர்: சின்ன மருத்துவமனைகள் எப்படிச் சமாளிக்கின்றன?

மைசூருவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் எச்.டி.கோட்டே. நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளை ஒட்டிய தாலுகா. இப்படியொரு ஊரில் ராத்திரி 2 மணிக்குப் பாம்புக்கடியோடு ஒருவர் வந்தால், கேஷுவாலிட்டியில் இருக்கும் டாக்டர் நிரந்தர ஊழியராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. சில மாத ஒப்பந்தத்திலோ, சில இரவுகளுக்கு மட்டுமோ வந்தவராக இருக்கலாம். அவரை நம்பித்தான் அந்த இரவு ஓடுகிறது.

யார் இவர்கள்?

மருத்துவ வட்டாரத்தில் 'லோகம்' என்பார்கள். இன்னொருவரின் இடத்தில் நிற்பவர் என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்ம ஊரில் 'டூட்டி டாக்டர்' என்றால் எல்லோருக்கும் புரியும். எம்பிபிஎஸ் முடித்துவிட்டு முதுநிலை நீட் தேர்வுக்குப் படிப்பவர்களை இந்த வேலையில் நிறையப் பார்க்கலாம். அவசர மருத்துவம் இந்தியாவில் தனி முதுநிலைப் படிப்பாக அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான். அதைப் படித்தவர்கள் சின்ன ஊர்களுக்கு வருவது அரிது.

ஏன் ஆள் போதவில்லை?

ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு டாக்டர் 48 மணி நேரம் பார்த்தால், கேஷுவாலிட்டிக்கு மட்டும் 3.5 பேர் தேவை. விடுப்பு, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்த்தால் 5 பேர். இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைப்படி ஒரு சமுதாய நல மையத்துக்கு 30 படுக்கைகள். அங்கே அதே டாக்டர்கள்தான் ஓபியும் வார்டும் பார்க்க வேண்டும். ஒருவர் லீவு போட்டாலே பட்டியல் உடைந்துவிடும்.

சட்டம் உதவவில்லையா?

மருத்துவம் முடித்தவர்கள் ஓராண்டு கட்டாயமாக அரசுப் பணி செய்ய வேண்டும் என்று கர்நாடகம் 2012இல் சட்டம் கொண்டுவந்தது. காலியிடங்கள் இருக்கும் அளவுக்கு மட்டும் ஆள் எடுத்தால் போதும் என்று 2023இல் அதைத் திருத்தியது. ஆனால் ஓராண்டுக்கு வருபவர், ஊர் பழகும்போது கிளம்பிவிடுவார்.

தனியாக நிற்கும் டாக்டருக்கு என்ன துணை?

நெஞ்சுவலிக்கு 'புனீத் ராஜ்குமார் ஹ்ருதய ஜோதி' திட்டம் இருக்கிறது. தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் இசிஜி பெரிய இதய மையத்துக்குப் போகும். மாரடைப்பு உறுதியானால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போடலாம்.

பாம்புக்கடியை 2024இல் கர்நாடகம் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறதா என்று அறிய பெரிய லேப் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தால் போதும். விஷமுறிவு மருந்தின் தொடக்க அளவு பொதுவாக 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். பயம் காரணமாகக் குறைத்துப் போடுவதுதான் ஆபத்து.

வேலையில் சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

• கர்நாடக மருத்துவ கவுன்சில் பதிவு: தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் இதை முதலில் முடித்துவிடுங்கள்.
• எழுத்துப்பூர்வ ஒப்பந்தம்: டூட்டி நேரம், சம்பளத் தேதி, கூப்பிட்டால் வரும் சீனியர் யார் என்பது அதில் இருக்க வேண்டும்.
• காப்பீடு: வழக்கு வந்தால் மருத்துவமனையின் பாலிசி தற்காலிக டாக்டரையும் காக்குமா? இல்லையென்றால் சொந்தமாக எடுங்கள்.
• பணம்: சம்பளமாகவா, தொழில்முறைக் கட்டணமாகவா? கட்டணம் என்றால் பொதுவாக 10% டிடிஎஸ் பிடிப்பார்கள், பிஎஃப் கிடையாது.
• முதல் நாளே பாருங்கள்: ஆக்சிஜன், டிஃபிப்ரிலேட்டர், விஷமுறிவு மருந்து இருப்பு, ஆம்புலன்ஸ்.
• மொழி: 'ஹாவு' என்றால் பாம்பு, 'எதெ நோவு' என்றால் நெஞ்சுவலி. இந்த இரண்டாவது தெரிந்திருக்கட்டும்.

நோயாளிக்கு என்ன உரிமை?

அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காக்கும் முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பணம் கட்டவில்லை என்று அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கர்நாடகத் தனியார் மருத்துவமனைச் சட்டத்தின் 2017 திருத்தமும் சொல்கிறது. டாக்டர் தற்காலிகம் என்பதால் இந்தக் கடமை குறைவதில்லை. அவருக்குத் தேவையான மருந்தும் துணையும் கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பு.