தரங்கம்பாடி ஊழியமும் முதலாம் ஜார்ஜ் மன்னரும்

சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடிக்கு வந்தது, அச்சுக்கூடம் அமைந்தது, புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது ஆகியவை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஊழியரை அனுப்பிய டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கை நாம் மறந்ததில்லை. தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பே அவருடைய அரச முத்திரையைத் தாங்கி நிற்கிறது. அந்த நன்றியில் ஒரு பங்கு, 1714 முதல் 1727 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜார்ஜுக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜார்ஜ், ஹனோவர் நாட்டில் பிறந்த லுத்தரன். 1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் கத்தோலிக்க உறவினரை விலக்கியதால், தம் 54ஆம் வயதில் அந்நிய நாட்டின் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில், அவ்வாறு விலக்கப்பட்ட ஸ்டூவர்ட் வமிசத்தாருக்காகக் கலகம் வெடித்தது. அதன் நெருக்கடி முற்றிலும் தணியாத நாட்களில்தான் ஐரோப்பா சென்றிருந்த சீகன்பால்கு ஐயர் லண்டன் வந்து மன்னரைப் பேட்டி கண்டார். பிறகு 1716இல் ஆங்கிலக் கப்பலிலேயே சென்னையில் வந்திறங்கினார். 1717 ஆகஸ்டு 23ஆம் தேதி, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலிருந்து சீகன்பால்கு, அவருடைய உடன் ஊழியர் கிரண்டலர் இருவருக்கும் மன்னர் ஒரு கடிதம் விடுத்தார். ஊழியத்தின் வளர்ச்சியில் தமக்குள்ள மகிழ்ச்சியையும், தம் ஆதரவு உண்டென்ற உறுதியையும் அதில் தெரிவித்தார்.

இது வெறும் அரசியல் என்பார் உண்டு. 1715 முதல் ஜார்ஜும் பிரடெரிக்கும் சுவீடனுக்கு எதிரான போரில் கூட்டாளிகள். பிரேமன், வெர்டன் ஆகிய நிலப்பகுதிகளை ஹனோவர் பெற்றதும் அந்த நட்பினால்தான். நண்பருடைய ஊழியரைப் பாராட்டுவதில் செலவென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் போர் 1721க்குள் முடிந்துவிட்டது; சீகன்பால்கு ஐயர் 1719லும், கிரண்டலர் மறு ஆண்டும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அதன் பின்னும் 1727 பிப்ரவரியில், தாம் மரிப்பதற்கு நான்கே மாதங்களுக்கு முன், முகமறியாத புதிய ஊழியருக்கு மன்னர் மீண்டும் கடிதம் எழுதினாரே, அதற்கு எந்தக் கூட்டணி காரணம்?

கடிதங்களைவிட வலுவான சான்று செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் ஜெர்மன் லுத்தரன் சிற்றாலயம். ஆன் அரசியின் கணவர், டென்மார்க்கின் ஜார்ஜ் இளவரசருக்காக அமைந்தது அது. அங்கே குருவாயிருந்த பேமே, ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத் தலைவர் பிராங்கேயின் மாணவர். தரங்கம்பாடிக் கடிதங்களை ஆங்கிலமாக்கி கிறிஸ்தவ அறிவைப் பரப்பும் லண்டன் எஸ்.பி.சி.கே. சங்கத்தின் மனதை நம் கரையை நோக்கித் திருப்பியவர். ஆகவே உதவி முந்திய ஆட்சியிலேயே தொடங்கியது, ஜார்ஜுக்கு இதில் என்ன பெருமை என்று சொல்லக்கூடும். தொடங்கியதை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹாலேயின் பக்தி இயக்கத்தை அவருடைய சொந்த ஹனோவரே சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அப்படியிருந்தும் பேமேயை அவர் விலக்கவில்லை. 1722இல் பேமே மறைந்தபோது, ஹாலேயோடு மனமொத்த சீகன்ஹாகனையே அவ்விடத்தில் அமர்த்தினார். சீகன்ஹாகன் 1776 வரை, மூன்று ஜார்ஜ் மன்னர்களின் காலத்தில், ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அப்பணியில் நிலைத்திருந்தார். தமிழகம் நோக்கிப் புறப்பட்ட பப்ரிசியஸ் ஐயரையும் சுவார்ட்ஸ் ஐயரையும் லண்டனில் வரவேற்றுத் திடப்படுத்தி அனுப்பியவர் அவரே.

மன்னரின் சொந்த வாழ்வைச் சுட்டுவோருக்கும் பதில் சொல்ல வேண்டும். மனைவி சோபியா டொரோதியாவை ஆல்டன் கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடைத்துவைத்தார். அந்த அம்மையார் சிறையிலேயே 1726இல் மரித்தார். இதை மறைப்பதும் மெழுகுவதும் கிறிஸ்தவனுக்கு அழகல்ல. ஆயினும் வேதாகமம் அரசரின் உதவியை அவருடைய பரிசுத்தத்தைக் கொண்டு அளப்பதில்லை. நெகேமியா 2ஆம் அதிகாரத்தில், நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகளுக்கு அர்தசஷ்டாவிடம் கடிதம் கேட்டு வாங்கினவர் தேவ மனிதர். கொடுத்தவரோ இஸ்ரவேலின் தேவனை வணங்கியவர் அல்ல. எருசலேம் ஆலயத்தைக் கட்ட ஆணையிட்ட கோரேசும் புறஜாதியார்தான். ஏசாயா 45ஆம் அதிகாரமோ அவரைக் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவராகக் காட்டுகிறது. அந்த அரசர்களின் பெயர்களை எஸ்றாவும் நெகேமியாவும் நன்றியோடு எழுதிவைத்தார்கள். நம் ஸ்தோத்திர ஆராதனையில் பிரடெரிக்கின் பெயர் சொல்லப்படும்போது, ஜார்ஜின் பெயரையும் சீகன்ஹாகனின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி சபைச் சங்கத்தாரை வேண்டிக்கொள்கிறேன்.