அழைப்பின் பேரில் மட்டும் வழங்கப்படும் ஆடம்பர கிரெடிட் கார்டுகள்: சித்தூர், திருப்பதி வாசிகளுக்குக் கட்டணம் கட்டுப்படியாகுமா?

திருப்பதி: "தங்களுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட சிறப்பு அட்டை" என்ற அழைப்பு ஒரு காலத்தில் மும்பை, டெல்லி போன்ற பெருநகரங்களின் செல்வந்தர்களுக்கு மட்டுமே வந்தது. இன்று திருப்பதியின் மருத்துவர்களுக்கும், சித்தூரின் மாங்கூழ் ஏற்றுமதியாளர்களுக்கும், ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளின் உயர் அலுவலர்களுக்கும் இத்தகைய அழைப்பு வரக்கூடும். உலோகத்தால் ஆன அட்டை, விமான நிலைய ஓய்வறை, நட்சத்திர விடுதிச் சலுகை எனப் பட்டியல் நீளமானது. ஆனால் அதற்கான ஆண்டுக் கட்டணம் வரியுடன் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் முதல் சில லட்சம் ரூபாய் வரை செல்கிறது. பெருநகரத்தில் வசிக்காத ஒருவருக்கு இந்தச் செலவு தகுமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அழைப்பு அட்டைகள் தோன்றிய விதம்

அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டு டைனர்ஸ் கிளப் அட்டை அறிமுகமானது. இந்தியாவில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980ஆம் ஆண்டிலும், ஆந்திரா வங்கி 1981ஆம் ஆண்டிலும் கிரெடிட் கார்டு சேவையைத் தொடங்கின. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைக்கப்பட்ட ஆந்திரா வங்கியே இப்பகுதியின் பல குடும்பங்களுக்கு வங்கிச் சேவையை அறிமுகப்படுத்தியது.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட கறுப்பு நிற 'செஞ்சூரியன்' அட்டை, அழைப்பு அட்டைகளுக்கு முன்னோடி ஆனது. அமெரிக்காவில் அதைப் பெறுவதற்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஆண்டுக் கட்டணம் 5,000 டாலர். விண்ணப்பித்துப் பெற முடியாது என்பதே அந்த அட்டையின் மதிப்பை உயர்த்தியது.

வாடிக்கையாளரின் வருமானம், வைப்புத் தொகை, கடந்த காலச் செலவு, கடனைத் திருப்பிச் செலுத்திய ஒழுங்கு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு வங்கிகள் அழைப்பு அனுப்புகின்றன. அழைப்பு வந்துவிட்டது என்பதால் கட்டணம் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

கட்டணம் எவ்வளவு?

எச்டிஎஃப்சி வங்கியின் 'இன்ஃபினியா மெட்டல்' அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.12,500. ஐசிஐசிஐ வங்கியின் 'எமரால்ட் பிரைவேட் மெட்டல்' அட்டைக்கு ரூ.12,499. எஸ்பிஐ கார்டு நிறுவனத்தின் 'ஆரம்' அட்டைக்கு ரூ.9,999. இவை மூன்றும் அழைப்பின் அடிப்படையில் வழங்கப்படுபவை. ஆக்சிஸ் வங்கியும் விசா நிறுவனமும் 2024ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 'பிரைமஸ்' அட்டைக்கு முதலாண்டில் ரூ.5 லட்சமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ரூ.3 லட்சமும் கட்டணமாக அறிவிக்கப்பட்டது.

இந்தத் தொகைகளுடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். அதன்படி ரூ.12,500 என்பது ரூ.14,750 ஆகிறது. ரூ.9,999 என்பது ஏறத்தாழ ரூ.11,799 ஆகிறது. ரூ.5 லட்சம் கட்டணத்துக்கு வரி மட்டுமே ரூ.90,000. விளம்பரங்களில் பெரும்பாலும் வரி நீங்கலான தொகையே குறிப்பிடப்படுவதால், வரியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரே புள்ளிக்கு மூன்று மதிப்பு

இன்ஃபினியா அட்டையின் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் ரூ.150 செலவுக்கு 5 புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளியை வங்கியின் இணையதளம் வழியாக விமானப் பயணச்சீட்டு அல்லது விடுதி முன்பதிவுக்குப் பயன்படுத்தினால் ஒரு புள்ளிக்கு ரூ.1 கிடைக்கும். அப்போதும் கட்டணத்தில் 70 சதவீதம் வரையே புள்ளிகளால் செலுத்த முடியும். பொருள்கள் வாங்கினால் ஒரு புள்ளியின் மதிப்பு சுமார் 50 காசு. அட்டையின் நிலுவைத் தொகையில் கழித்துக்கொண்டால் 30 காசு மட்டுமே.

அதாவது, ரூ.1 லட்சம் செலவுக்குச் சேரும் சுமார் 3,333 புள்ளிகள், விமானப் பயணம் செய்பவருக்கு ரூ.3,333 மதிப்புடையவை. நிலுவையில் கழித்துக்கொள்பவருக்கு அதே புள்ளிகளின் மதிப்பு ரூ.1,000. பின்னது வெறும் 1 சதவீதம். ஆண்டுக் கட்டணமே இல்லாமல் 1 சதவீதத்தைத் திருப்பித் தரும் அட்டைகள் சந்தையில் உள்ளன.

ஆண்டுக் கட்டணம் செலுத்தியதும் 12,500 புள்ளிகள் போனஸாக வழங்கப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பயணத்துக்கு முழுமையாகப் பயன்படுத்துபவருக்கு இவை ரூ.12,500க்கு ஈடாகும். ஆகவே அவர் உண்மையில் இழப்பது ஜிஎஸ்டி தொகையான ரூ.2,250 மட்டுமே. இலவச அட்டையைவிட அவருக்கு 2.33 சதவீதம் கூடுதலாகக் கிடைப்பதால், சுமார் ரூ.97,000 செலவிலேயே அந்த இழப்பு ஈடாகிவிடும்.

பயணம் செய்யாமல் நிலுவையில் கழித்துக்கொள்பவருக்கோ போனஸ் புள்ளிகளின் மதிப்பு ரூ.3,750 மட்டுமே. அவரது நிகரச் செலவு ரூ.11,000. அவர் பெறும் பலனும் இலவச அட்டையின் பலனும் ஒரே 1 சதவீதம் என்பதால், எவ்வளவு செலவிட்டாலும் புள்ளிகளைக் கொண்டு அந்த ரூ.11,000ஐ ஈடுகட்ட இயலாது.

ஒரே அட்டை, ஒரே கட்டணம். ஆனால் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம். புள்ளிகளை எதற்குப் பயன்படுத்துவோம் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அழைப்பை ஏற்பது சரியல்ல.

ஊரைப் பொறுத்து மாறும் பயன்

ஆடம்பர அட்டைகளின் முதன்மைச் சலுகை விமான நிலைய ஓய்வறை வசதி. ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானங்கள் இயக்கப்பட்டாலும், வெளிநாட்டுப் பயணத்துக்கு இப்பகுதி மக்கள் பெரும்பாலும் சென்னை அல்லது பெங்களூரு விமான நிலையத்தையே நாடுகின்றனர். திருப்பதியிலிருந்து சென்னை சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சித்தூரிலிருந்து பெங்களூரு சுமார் 180 கிலோமீட்டர். சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலிலோ காரிலோ சென்று திரும்புபவருக்கு ஓய்வறைச் சலுகையால் பயன் எதுவும் இல்லை.

ஓய்வறையின் மதிப்பைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. அட்டை இல்லாவிட்டால் விமான நிலையத்தில் உணவுக்கு எவ்வளவு செலவிட்டிருப்போம் என்பதே அதன் உண்மையான மதிப்பு. ஆண்டுக்கு இருமுறை பறப்பவருக்கு அது சில நூறு ரூபாய் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

விடுதிச் சலுகைகளிலும் இடம் முக்கியம். எமரால்ட் பிரைவேட் மெட்டல் அட்டையுடன் தாஜ் குழுமத்தின் 'எபிக்யூர்' உறுப்பினர் தகுதி வழங்கப்படுகிறது. திருப்பதியில் தாஜ் விடுதி உள்ளதால் உள்ளூரிலேயே அதைப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு. ஆனால் கோல்ஃப் ஆட்டம், பெருநகர உணவகத் தள்ளுபடி போன்றவை சித்தூரில் வசிப்பவருக்கு ஏட்டளவில் நின்றுவிடும்.

கடைவீதியில் மற்றொரு தடை உள்ளது. சிறு கடைகளில் அட்டை தேய்க்கும் கருவியைவிட கியூஆர் குறியீடே பரவலாக உள்ளது. யுபிஐ வழியாகக் கடன் அட்டையைப் பயன்படுத்தும் வசதி 2022ஆம் ஆண்டு முதல் ரூபே அட்டைகளுக்கு வழங்கப்பட்டுள்ளது. உயர்நிலை அட்டைகளில் பல விசா அல்லது மாஸ்டர்கார்டு வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை இக்கடைகளில் பயன்படுத்த இயலாது. மளிகை, காய்கறி, மருந்து எனக் குடும்பத்தின் அன்றாடச் செலவில் பெரும்பகுதி இந்த அட்டையின் கணக்குக்கு வராமலே போகலாம்.

வெளிநாட்டில் படிக்கும் அல்லது பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோருக்கு ஒரு சலுகை உண்மையில் உதவும். சாதாரண அட்டைகளில் வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் அளவில் கூடுதல் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. உயர்நிலை அட்டைகள் பலவற்றில் அது 2 சதவீதம். ரூ.2 லட்சம் செலவிட்டால், கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி உட்பட, ரூ.3,540 மிச்சமாகும்.

திருமலை தரிசனத்துக்கு உதவுமா?

ஆடம்பர அட்டைகளுடன் வரும் தனி உதவியாளர் சேவை, பயண ஏற்பாடுகளைச் செய்து தரும். இதன் மூலம் ஏழுமலையான் தரிசனத்தில் முன்னுரிமை கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும்.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நடைமுறையில் சர்வ தரிசனம் இலவசம். சிறப்பு நுழைவு தரிசனத்துக்குக் கட்டணம் ரூ.300. ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு ரூ.10,000 நன்கொடை அளிப்பவர், கூடுதலாக ரூ.500 செலுத்தி பிரேக் தரிசனம் பெறலாம். இந்த வகைகளில் வங்கி அட்டைக்கென்று தனி வரிசை கிடையாது. அட்டையைக் கொண்டு கட்டணம் செலுத்தலாம்; அட்டையின் தகுதியைக் காட்டி வரிசையில் முந்த இயலாது. தரிசனச் சீட்டு பெற்றுத் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களையும் போலி இணையதளங்களையும் நம்ப வேண்டாம் எனத் தேவஸ்தானம் பலமுறை எச்சரித்துள்ளது.

கட்டண விலக்கும் கடன் சுமையும்

குறிப்பிட்ட தொகையைச் செலவிட்டால் அடுத்த ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்பது பரவலான விதி. இவ்வகை அட்டைகளில் ரூ.10 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையே இதற்கான எல்லையாக இருந்து வந்துள்ளது. ரூ.10 லட்சம் என்றால் மாதத்துக்குச் சராசரியாக ரூ.83,333. வாடகை, எரிபொருள், அரசுக் கட்டணம் போன்ற செலவுகளை இந்தக் கணக்கிலோ புள்ளிக் கணக்கிலோ பல வங்கிகள் சேர்ப்பதில்லை.

எல்லையைத் தொடுவதற்காகத் தேவையற்ற பொருளை ரூ.50,000க்கு வாங்கி ரூ.14,750ஐ மிச்சப்படுத்துவது சிக்கனம் ஆகாது. கடையின் கொள்முதலைத் தனிநபர் அட்டையில் செலுத்தி எல்லையை எட்ட முயல்வதும் ஆபத்தானது. வணிகப் பயன்பாட்டைப் பல வங்கிகளின் விதிகள் அனுமதிப்பதில்லை. மீறினால் புள்ளிகள் ரத்தாகலாம், அட்டையும் முடக்கப்படலாம்.

மேலும், ஒரு நிதியாண்டில் கிரெடிட் கார்டு நிலுவைக்காக ரூ.10 லட்சம் அல்லது அதற்கு மேல் செலுத்தப்பட்டால், அந்த விவரத்தை வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வருமானக் கணக்குடன் பொருந்தாத செலவுக்கு விளக்கம் கேட்கப்படலாம்.

எல்லாவற்றுக்கும் மேலானது வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். ரூ.1 லட்சம் நிலுவை வைத்தால் ஒரு மாத வட்டி ரூ.3,500, அதற்கு ஜிஎஸ்டி ரூ.630. நான்கே மாதங்களில் வட்டியும் வரியும் ரூ.16,500ஐத் தாண்டிவிடும். சில உயர்நிலை அட்டைகளில் வட்டி மாதம் 2 சதவீதம் அளவில் இருந்தாலும், ஆண்டுக் கணக்கில் அது 24 சதவீதம். மாம்பழப் பருவத்தை நம்பி வருமானம் ஈட்டும் குடும்பங்களுக்கு, மாதந்தோறும் முழு நிலுவையைச் செலுத்துவது எப்போதும் எளிதாக இருப்பதில்லை. முழுத் தொகையையும் உரிய தேதியில் செலுத்த இயலாதவருக்கு எந்தச் சலுகையும் லாபம் தராது.

வாடிக்கையாளரின் உரிமைகள்

இந்திய ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் அழைப்பு அட்டைகளுக்கும் பொருந்தும். அவற்றின் முக்கிய அம்சங்கள்:

* வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றி அட்டை வழங்கவோ, இருக்கும் அட்டையை உயர்நிலைக்கு மாற்றவோ கூடாது. அவ்வாறு வழங்கிக் கட்டணம் விதித்தால், அதைத் திரும்ப அளிப்பதுடன் இரு மடங்கு தொகையை அபராதமாகவும் வங்கி வழங்க வேண்டும்.

* கட்டணங்களில் மாற்றம் செய்வதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

* நிலுவை இல்லாத நிலையில் அட்டையை ரத்து செய்யக் கோரினால் 7 வேலை நாள்களுக்குள் முடிக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.500 அபராதம்.

* புகாருக்கு 30 நாள்களுக்குள் வங்கியிடமிருந்து பதில் கிடைக்காவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். உதவி எண்: 14448.

அழைப்பு என்ற பெயரில் தொலைபேசியில் ஓடிபி, அட்டை எண், சிவிவி எண் ஆகியவற்றைக் கேட்டால் அது மோசடியே. அழைப்பு உண்மையானதா என்பதை வங்கியின் செயலியிலோ கிளையிலோ நேரில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

ஆண்டுக்குப் பலமுறை விமானத்தில் பயணம் செய்பவர், புள்ளிகளைப் பயணச்சீட்டுக்கும் விடுதிக்கும் பயன்படுத்துபவர், வழக்கமான குடும்பச் செலவிலேயே கட்டண விலக்கு எல்லையை எட்டுபவர், மாதந்தோறும் முழு நிலுவையைச் செலுத்துபவர் ஆகியோருக்கு ரூ.10,000 முதல் ரூ.12,500 வரையிலான அட்டைகள் கட்டுப்படியாகும். லட்சக்கணக்கில் கட்டணம் கோரும் அட்டைகளில், புள்ளிகளை மட்டும் கொண்டு அந்தத் தொகையை மீட்பது கடினம். அங்கு பெரும்பகுதி அந்தஸ்துக்காகச் செலுத்தப்படும் விலையே.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பறப்பவருக்கும், செலவில் பெரும்பகுதியை யுபிஐ வழியாகச் செய்பவருக்கும் கட்டணமில்லாத ரூபே அட்டையே ஏற்றது.

அழைப்பு வந்தவர்கள் உடனே முடிவெடுக்கத் தேவையில்லை. கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, விமானப் பயணம், விடுதி, வெளிநாட்டுச் செலவு, அட்டையில் செலுத்தக்கூடிய பிற செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். கிடைக்கக்கூடிய பலனிலிருந்து, இலவச அட்டையே தரக்கூடிய 1 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். மீதமுள்ள தொகை, ஜிஎஸ்டி சேர்த்த ஆண்டுக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அழைப்பை ஏற்கலாம். வங்கிகள் விதிகளை அவ்வப்போது மாற்றுவதால், கையொப்பமிடும் முன் முக்கிய விதிமுறைகள் அடங்கிய ஆவணத்தில் அன்றைய நிலவரத்தைச் சரிபார்ப்பதும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முன் இதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பதும் அவசியம்.