பச்சோந்தியின் நோய்க்குறிகள்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள செலியமேடு போன்ற ஊர்களில், கழுத்து சிவக்கும் ஓணானையும் பச்சோந்தி என்று சொல்லிவிடுவதுண்டு. உண்மையான பச்சோந்தி வேறு. அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, கிளையை இடுக்கிபோலப் பிடிக்கும். வால் சுருளும். கண்கள் தனித்தனியே சுழலும். நஞ்சு கிடையாது. இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே இனம்தான். இலங்கையிலும் அது உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். ஏமன், மடகாஸ்கர் இனங்களை வளர்ப்போரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

நோயை மறைப்பது பச்சோந்தியின் இயல்பு. மெலிந்த உயிரைப் பருந்தும் பாம்பும் எளிதில் கண்டுகொள்ளும் என்பதால், நோய் முற்றும்வரை அது நலமாக இருப்பதுபோலவே தெரியும். முதலில் பார்க்க வேண்டியது கண். கண்மேடு உள்ளே குழிந்திருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி மஞ்சளாகிவிட்டாலும் அதே பொருள். பகலில் கண்ணை மூடிக் கிடப்பது எல்லாவற்றிலும் மோசமான குறி. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நிறம் பலரையும் ஏமாற்றும். இரவில் தூங்கும்போது வெளிறுவதும், காலை வெயிலில் கறுத்துப்போய் விலாவைக் காட்டி நிற்பதும் இயல்பே. நடுப்பகலிலும் கருமை மாறாமல் சுருண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உச்சிவெயிலில் வாய் திறப்பது சூட்டைத் தணிக்க. குளிர்ந்த நேரத்தில் வாய் பிளந்து, சளி நுரைத்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம்.

கூண்டில் வளர்வதை அதிகம் வாட்டுவது எலும்பு நோய். சுண்ணாம்புச் சத்தும், வெயிலின் புற ஊதாக் கதிர் தரும் வைட்டமின் டி3-யும் குறைந்தால் கால் வளையும், தாடை நெகிழும், பிடி தளரும், நாக்கு இரையை எட்டாது. கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. அந்தக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். வளைந்த எலும்பு முழுதாக நிமிர்வது அரிது.

வயிறு பருத்த பெண் பச்சோந்தி தரையில் அலைந்து மண்ணைத் தோண்டினால், அது முட்டையிட இடம் தேடுகிறது. காப்பாற்றுவதாக நினைத்து அதைத் தூக்கிப் போய்விடக் கூடாது. தோண்டியும் முட்டையிடாமல் சோர்ந்து விழுந்தால் முட்டை அடைத்திருக்கக்கூடும். அதற்கு மருத்துவர் வேண்டும்.

அடிபட்டுக் கிடப்பதைக் கையால் இறுக்கக் கூடாது. அதன் முன்னே ஒரு குச்சியை நீட்டினால் தானே பற்றிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் கிளையோடு வைத்து நிழலில் நிறுத்த வேண்டும். பச்சோந்தி கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். ஆகவே இலையில் நீர் தெளித்தால் போதும். வாயைத் திறந்து நீரோ பாலோ ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிக் கொன்றுவிடக்கூடும். பிறகு புதுச்சேரி வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிடந்த இடத்தையும் குறித்துக் கொடுத்தால், குணமானபின் அங்கேயே கொண்டுபோய் விட முடியும்.