ஒரு தகடும் ஓர் எழுத்தும்: நமது வாகன இலக்கங்களின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் சுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்தது. பக்கத்துக் கடையின் கமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. சைக்கிளின் நிறம் தெரிந்தது, ஓட்டியவரின் சேட்டும் தெரிந்தது. இலக்கம் மட்டும் தெரியவில்லை. பின்பக்கத் தகட்டை மேல்நோக்கி மடித்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பெரியவரின் பேரன் நமது வகுப்பில் படிக்கிறான். மறுநாள் வரலாற்றுப் பாடத்தில் எழுந்து, "சேர், இந்த நம்பர் பிளேட்ட ஆரு முதல்ல கொண்டு வந்த?" என்று கேட்டான். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. ஆனால் அன்று அதைவிட முக்கியமான பாடம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வகுப்பில் சொன்னதையும் நேரமின்றி விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் இலக்கம் போட்டவர்கள் பிரான்ஸ்காரர்கள். 1893 ஆகஸ்டில் பாரிஸ் பொலிஸார் ஒரு கட்டளை போட்டார்கள். ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் சொந்தக்காரரின் பெயர், முகவரியோடு ஓர் இலக்கமும் இருக்க வேண்டும் என்பது அது. பத்து ஆண்டுகள் கழித்து இங்கிலாந்து அதே வழிக்கு வந்தது. 1903இல் மோட்டார் கார்ச் சட்டம் நிறைவேறி, 1904 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்தது. வேக எல்லையை மணிக்கு 14 மைலிலிருந்து 20 மைலாகக் கூட்டியது. எல்லா வாகனங்களும் பதியப்பட்டு இலக்கம் தாங்க வேண்டும் என்றும் சொன்னது. வேகமாகப் போக விடுகிறோம், ஆனால் நீ யார் என்பது தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நமது ஊர் வீதியில் தகட்டை மடித்தவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்றைய இங்கிலாந்தில் ஒவ்வொரு மாவட்ட நிர்வாகத்துக்கும் ஓரிரு எழுத்து கொடுத்தார்கள். லண்டனுக்குக் கிடைத்தது ஏ. 'ஏ 1' என்ற இலக்கத்தைப் பெற்றவர் ரசல் பிரபு. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரசலின் அண்ணன். அந்த இலக்கத்துக்காக அவர் இரவிரவாக வரிசையில் காத்திருந்தார் என்று இன்றும் கதை சொல்வார்கள். ஆக, 'எனக்கு நல்ல நம்பர் வேணும்' என்ற ஆசை இலக்கத்தகடு பிறந்த நாளிலேயே கூடப் பிறந்துவிட்டது.

வாகனங்கள் பெருகப் பெருக எழுத்தும் இலக்கமும் போதாமல் போயின. 1932இல் மூன்று எழுத்து முறை தொடங்கியது. 1963இல் பதிந்த ஆண்டைக் காட்டும் எழுத்தைக் கடைசியில் சேர்த்தார்கள். 1983இல் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2001 செப்டெம்பரிலிருந்து இன்றுள்ள முறை. முதலில் இரண்டு எழுத்து, அது வாகனம் எந்தப் பகுதியில் பதியப்பட்டது என்பதைக் காட்டும். முதல் எழுத்து எல் என்றால் லண்டன், எஸ் என்றால் ஸ்கொட்லாந்து. அடுத்து இரண்டு இலக்கம், அது வயது. கடைசியில் தற்செயலான மூன்று எழுத்து.

வயது இலக்கத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பதிந்தால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். செப்டெம்பர் முதல் அடுத்த பெப்ரவரி வரை பதிந்தால் அதோடு 50ஐக் கூட்ட வேண்டும். 24 என்றால் 2024 மார்ச்சில் தொடங்கும் அரையாண்டு. 74 என்றால் அதே ஆண்டு செப்டெம்பரில் தொடங்குவது. இங்கிலாந்திலுள்ள நமது உறவினர்கள் புதுக் கார் வாங்கிப் படம் அனுப்பினால் இனி பிள்ளைகளிடமே வயதைக் கேளுங்கள். கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

விருப்ப இலக்கம் விற்பதை அந்த நாட்டு அரசாங்கம் 1989 முதல் ஒரு வியாபாரமாகவே நடத்துகிறது. 2008இல் 'எஃப் 1' என்ற தகட்டை பிரட்ஃபோர்டின் கார் வடிவமைப்பாளர் அஃப்சல் கான் நாலு லட்சத்து நாற்பதாயிரம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கினார். 2014இல் '25 ஓ' என்ற இலக்கம் கட்டணங்களோடு ஐந்து லட்சம் பவுணையும் தாண்டியது. ஆனாலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். விருப்ப இலக்கத்தால் ஒரு வாகனத்தை அதன் உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டக்கூடாது. பழையதாகக் காட்டலாம். பெருமையை விலைக்கு வாங்கலாம், பொய்யை வாங்க முடியாது.

வளைகுடாவில் வேலை செய்யும் நமது சகோதரர்களுக்கு இந்தத் தொகைகள் சின்னதாகத் தெரியும். 2023இல் துபாயில் 'பீ 7' என்ற தகடு 55 மில்லியன் திர்ஹத்துக்கு ஏலம் போனது. அந்தப் பணம் ஏழைகளுக்கு உணவளிக்கும் அறக்கட்டளைக்குப் போனது என்பது மனதுக்கு ஆறுதல். ஆனாலும் பசித்தவனுக்குச் சோறு போட நடுவில் ஒரு தகடு தேவைப்பட்டதே என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

ஆங்கிலேயர் காலத்து இலங்கையில் ஆங்கில எழுத்துத்தான். பிற்காலத்தில் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருந்தே இரண்டிரண்டு எழுத்தாக எடுத்து இலக்கம் கொடுத்தார்கள்: சீ.ஈ., சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. கல்யாண வீடுகளுக்கு அலங்கரித்து வரும் பழைய ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களில் இன்றும் காணலாம்.

1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. அடுத்த மாற்றம் வாகனத்தின் நெற்றியில் வந்தது. 1957 ஜனவரி முதல் புதிதாகப் பதியப்படும் வாகனங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள எழுத்திலான 'ஸ்ரீ' இடப்பட வேண்டும் என்று பண்டாரநாயக்க அரசாங்கம் கொண்டுவந்தது. அது சமஸ்கிருதச் சொல். சிங்களவரும் பாவிப்பார்கள், தமிழரும் பாவிப்பார்கள். சொல்லில் சண்டை இல்லை. எந்த எழுத்தில் எழுதுவது என்பதில்தான் சண்டை. தமிழ் பேசுபவன் தன் காசில் வாங்கிய வாகனத்தில், தான் பேசாத மொழியின் எழுத்தை ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதே மனதைச் சுட்டது.

தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. தமிழில் 'ஸ்ரீ' எழுதிய தகடுகளோடு வாகனங்கள் ஓடின. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 26இல் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

1958 ஜனவரி 1இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சிங்கள 'ஸ்ரீ' தாங்கிய புதிய இ.போ.ச. பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9இல் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து உட்கார, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதக் கடைசியில் இனக்கலவரம் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். அத்தனைக்கும் காரணம் ஓர் எழுத்துத்தான் என்று சொல்வது வரலாற்றை எளிதாக்கிவிடுவதாகும். காணி, குடியேற்றம், உத்தியோகம், மொழி என்று எல்லாம் அடியில் இருந்தன. ஆனால் அடியில் கிடந்த அத்தனையையும் தெருவுக்குக் கொண்டுவர, உள்ளங்கை அளவு எழுத்து ஒன்று போதுமாக இருந்தது.

அப்போது நாம் எங்கே இருந்தோம்? அம்பாறை மாவட்டம் உருவானது 1961இல். அதற்கு முன் சம்மாந்துறையும் கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்தில்தான். 1956 ஜூனில் கல்லோயாவில் நடந்த கலவரம் நமது வயல்களுக்கு அடுத்த பக்கத்தில் நடந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் கல்முனையில் எம்.சி. அஹமதும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் நின்றே பாராளுமன்றம் போனார்கள். பின்னர் முஸ்தபா அரச தரப்புக்குப் போய், தஹநாயக்கவின் அமைச்சரவையில் நிதி அமைச்சரானார். அதைச் சரி என்பாரும் பிழை என்பாரும் இன்றும் நமது தேநீர்க் கடைகளில் உண்டு. நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் அரபு ஓதி, கச்சேரிக்குப் போனால் சிங்களக் கடிதம் வாங்கிய ஒரு சமூகம் இரண்டு தார் வாளிகளுக்கும் நடுவில் நின்றது என்பதை மட்டும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போராட்டம் ஓய்ந்தது, 'ஸ்ரீ' நிலைத்தது. நமது வாப்பாமார் ஓட்டிய ட்ரக்டர்களும் லொறிகளும் அந்த எழுத்தோடுதான் கரைவாகு வட்டையிலும் மல்வத்தை வீதியிலும் ஓடின. காலப்போக்கில் கண் பழகிவிட்டது. பிறகு 'ஸ்ரீ' இருந்த இடத்தில் ஒரு சிறு கோடு வந்தது. கோட்டுக்கு முன்னால் இரண்டு அல்லது மூன்று இலக்கம், பின்னால் நாலு இலக்கம். எந்த மொழியும் இல்லாத தகடு. 2000ஆம் ஆண்டில் மீண்டும் ஆங்கில எழுத்துக்கள் வந்தன. எந்த எழுத்தை அகற்ற 1957இல் அவ்வளவும் நடந்ததோ, அந்த எழுத்துக்கே நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தோம். இடையில் போன உயிர்கள் திரும்பி வரவில்லை.

புதிய முறையில் மாகாணத்துக்கும் இரண்டு எழுத்து இருந்தது. மேல் மாகாணம் டபிள்யூ.பீ., நமக்கு ஈ.பீ. யுத்த காலத்தில் அந்த இரண்டு எழுத்தோடு கொழும்புக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆளடையாள அட்டையை எடுப்பதற்கு முன்பே சோதனைச் சாவடியில் வாகனம் நம்மைப் பற்றிச் சொல்லிவிடும். ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகும் அந்த அனுபவத்தை நம்மில் பலர் மறுபடி பார்த்தோம். 2023இல் புதிய தகடுகளில் மாகாண எழுத்துக் கைவிடப்பட்டபோது நிருவாகச் சிக்கல் குறைந்தது என்றுதான் செய்திகள் சொன்னன. நமக்கு அதற்கு மேலும் ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது நமது தெருக்களுக்கு வருவோம். தகட்டில் நம்மீது யாரும் எதையும் திணிக்காத காலம் இது. நாமே என்ன செய்கிறோம்? 786 கிடைக்கும் என்றால் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். அது பிஸ்மில்லாஹ்வின் எழுத்துக்களுக்கு அப்ஜத் முறையில் வரும் கூட்டுத்தொகை. அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்று உலமாக்கள் பலர் சொல்லிவிட்டார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுப்பதற்கு எந்த இலக்கமும் தேவையில்லை, காசும் தேவையில்லை. இளைஞர்கள் இலக்கத்தை வளைத்து நெளித்து எழுதுகிறார்கள், ஸ்டிக்கரால் பாதியை மறைக்கிறார்கள், மடித்து வைக்கிறார்கள். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்று தகட்டின் நிறத்தைப் பிரித்திருப்பதே, வண்டி வருகிறதா போகிறதா என்பது தூரத்திலிருந்தே தெரியட்டும் என்றுதான். ஒரு தகடு அடுத்தவருக்காக இருப்பது. நமக்கு நமது வண்டி தெரியும். தெரியாதவருக்கு அது தெரிய வேண்டும்.

இன்னொன்று 'ஓபன் பேப்பர்'. வாகனத்தை விற்றவர் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார், வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டுவார், பிறகு இன்னொருவருக்கு விற்பார். உரிமை மாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. நாலு கை மாறிய வாகனத்தால் ஒரு தவறு நடந்தால் பொலிஸ் முதலில் கதவைத் தட்டுவது எப்போதோ விற்ற மனிதரின் வீட்டில். நமது சமூகத்தவருக்கு அப்படி ஒரு தட்டல் எதில் போய் முடியலாம் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது அந்தப் பையன் மறுபடி கேட்டான்: "சேர், உங்கட பைக் உங்கட பேர்லயா இருக்கு?"

இல்லை. மூன்று ஆண்டுகளாக ஓபன் பேப்பரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரம் விற்றவரைத் தேடிப்போய் படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டோம். மங்கிப்போயிருந்த பின்தகட்டையும் கழுவி நேராக்கியாயிற்று.

அந்தப் பெரியவர் இப்போது தடியூன்றி நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். இடித்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. அவர் இந்தப் பதிவை வாசிக்கக்கூடிய ஒருவர்தான், நமது ஊர்ப் பிள்ளைதான் என்று நினைக்கிறோம். தம்பி, அந்த வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. போய் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.