கத்தியும் வகுப்பறை வாங்கும்

மன்னர்களின் போர்களையே வரலாறு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மருத்துவத்தின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது. கத்தி பிடித்தவரின் பெயர் நிலைத்துவிடும். கத்திக்குத் தப்பிய குழந்தை பின்னர் எவ்வாறு வாழ்ந்தது என்பது ஏட்டில் ஏறுவதில்லை. மலவாயில் இன்றிப் பிறக்கும் மகவுகளின் கதை இதற்குத் தக்க சான்று.

ஏறத்தாழ 5000 பிறப்புகளுக்கு ஒன்றாக நிகழும் குறை இது. 1710இல் பிரெஞ்சு மருத்துவர் லித்ரே, இக்குறையோடு இறந்த மகவொன்றின் உடலை ஆராய்ந்து, வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளிக்கொணரலாம் என்றார். அந்த யோசனை பலிக்க 83 ஆண்டுகள் சென்றன. பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்த 1793இல், பிரெஸ்ட் துறைமுக நகரில் டியூரே என்பவர் மூன்று நாட் குழந்தைக்கு அதைச் செய்தார். அக்குழந்தை 45 வயதுவரை வாழ்ந்ததாம். அந்த 45 ஆண்டுகளில் அதன் அருகே அமர எத்தனை பேர் சம்மதித்தனர் என்று கேட்கத் தோன்றுகிறது! 1835இல் அமுசா குடலின் முனையைக் கீழிறக்கித் தோலோடு தைத்தார். உயிர் தப்பியது, அடக்கும் ஆற்றல் வரவில்லை.

அடக்குதல் என்பது ஒரு துவாரத்தின் செயலன்று. இறுக்கும் தசை வேண்டும். வருவது இன்னதென்று உணர்த்தும் நரம்பு வேண்டும். குடல் தேக்கித் தள்ளும் ஒழுங்கு வேண்டும். 1953இல் மெல்பணில் டக்ளஸ் ஸ்டீபன்ஸ், குடலைத் தாங்கும் தசைவளையத்தைக் காப்பாற்ற வழி கண்டார். 1980இல் மெக்சிக்கோவில் அல்பேர்ட்டோ பேன்யா, நடுக்கோட்டில் திறந்து, தசைகளைக் கண்ணால் கண்டு, குடலை அவற்றின் நடுவே அமைத்தார். பெருஞ்சாதனைதான். ஆயினும் அவருடைய நோயாளரிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினருக்கு மலம் அடங்கவில்லை. முதுகெலும்பின் அடிமுனையும் அதன் நரம்புகளும் கருவிலேயே குறைபட்டிருந்தால் எக்கத்தியும் அவற்றைப் படைத்துத் தராது.

அவர்களுக்கு உதவியது உப்புநீர். நாளுக்கொரு முறை எனிமாவால் பெருங்குடலைக் கழுவிவிட்டால், மறுநாள் அதே வேளைவரை உடை சுத்தமாக இருக்கும். 1990இல் சவுதாம்டனின் மலோன், குடல்வாலையே வாயிலாக்கி மேலிருந்து கழுவும் முறையை வெளியிட்டார். பிள்ளை தானே செய்துகொள்ளலாம் என்பது அதன் சிறப்பு.

இனி நம் பக்கம் வருவோம். கல்முனைக்கு மேற்கே, வயல்களுக்கிடையே உள்ள சொறிக்கல்முனையில் இத்தகைய மகவு பிறந்தால் என்ன நேரும்? 1895இல் தோன்றிய சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை கொழும்பில் இருக்கிறது. தூரம் 300 கிலோமீற்றருக்கு மேல். சத்திரசிகிச்சை இலவசம், அது நம் மக்கள் போராடிப் பெற்ற செல்வம். பஸ் கட்டணமும் இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. 1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்தில் அந்தப் பாதையே சோதனைச்சாவடிகளின் பாதையாக இருந்தது.

ஆசிரியர் அறியவேண்டியது ஒன்று உண்டு. உடை நனைந்து வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே காரணமில்லை. சிலருக்கு மலம் கல்லாய் இறுகி, அதன் ஓரமாக நீர் கசியும். பார்ப்பவர் வயிற்றோட்டம் என்று கருதி மருந்து கொடுத்தால் நிலை மோசமாகும். அவர்களுக்கு மலமிளக்கி தேவை. உண்மையாகவே அடக்கவியலாதவர்க்கோ தினக் கழுவல். இருசாராரையும் ‘சோம்பேறி’ என்று ஏசிப் பின்வாங்கில் இருத்துவது நமது வழக்கம்.

கழுவலுக்கு 1 லீற்றர் நீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. வெறும் நீர் ஆகாது. எவ்வளவு செலுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். முதல் வாரம் நாள்தோறும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, குடல் வெறுமையாயிற்றா எனப் பார்த்து, அளவைத் திருத்துவார்கள். இதற்குக் கத்தி தேவையில்லை. படமெடுக்கும் கருவியும் பயிற்சி பெற்ற தாதி ஒருவரும் கல்முனைக்கு எட்டாத பொருள்களா? பாடசாலை தரவேண்டியது இன்னும் குறைவு: உள்ளே தாழிடக்கூடிய மலசலகூடம், வாளித் தண்ணீர், மாற்றுடை வைக்க அலுமாரியில் ஒரு தட்டு.