கலப்பு

தேவவசனத்தைக் கலப்பாய்ப் பேசலாகாது என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் விலக்கியதை, பிரசங்கத்தில் பிறமொழிச் சொற்களைச் சேர்க்கலாகாது என்ற அர்த்தத்தில் இந்நாளில் சிலர் வியாக்கியானம் செய்யக் கேட்கிறேன். மூலமாகிய கிரேக்கத்தில் அங்கே நிற்பது 'கபேலெவோ' என்னும் வினை. அது சில்லறை வியாபாரியை, சிறப்பாகத் திராட்சரசம் விற்பவனைக் குறித்த 'கபேலோஸ்' என்ற பெயரிலிருந்து பிறந்தது. அவ்வியாபாரி ரசத்தில் நீர் கலப்பான் என்ற அபகீர்த்தி ஏசாயாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே பதிந்திருக்க, கல்வியைச் சரக்காக்கி ஊர் ஊராய் விற்ற சோபிஸ்டுகளைப் பிளேட்டோவும், 'புரோத்தகோரஸ்' என்னும் நூலில் சாக்ரடீஸின் வாயிலாக, இச்சொல்லாலேயே சாடினார். ஆகவே லாபநோக்கமும் சரக்கைக் கெடுத்தலும் ஒருங்கே பொதிந்த பதம் இது. நம் 'கலப்பு' அத்தனை தோஷமுடையதன்று. கலவை, கலப்புமணம் முதலியவற்றில் அது நிரபராதியாகவே வழங்க, நிந்தையெல்லாம் 'கலப்படம்' என்னும் கிளைச்சொல்லைச் சேர்ந்துவிட்டது. ஆதலால், கடைத்தெருவின் சாயலையும் உடன் தாங்கும் 'கலப்படம் செய்தல்' என்பதே மூலத்துக்கு அணுக்கமானது என்பது என் அபிப்பிராயம். கேட்போர் பிரியத்துக்காக வசனத்தின் கண்டிப்பைத் தணிக்கும் உபதேசியே அக்கண்டனத்துக்கு இலக்காவானேயன்றி, மொழி கலந்து பேசுபவன் அல்லன்.