மீள்வோர் சான்று: விடுப்பு விதி 24(3)-க்கு உரை

மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகள், 1972-இன்கண் 24-ஆம் விதியின் மூன்றாம் உட்பிரிவு கூறுவது: மருத்துவச் சான்றின்மேல் விடுப்பு எடுத்த அரசுப் பணியாளர், படிவம் 5-இல் தகுதிச் சான்று அளிக்குந்துணையும் பணிக்கு மீளலாகாது.

'மருத்துவச் சான்றின்மேல்' என்றது விடுப்பின் பெயரையன்று, அது பெற்ற வாயிலை. ஈட்டிய விடுப்பேயாயினும் அரைச்சம்பள விடுப்பேயாயினும் மருத்துவச் சான்று காட்டிப் பெற்றதாயின் இவ்விதி பற்றும். சொந்த அலுவல் கூறிச் சென்றாரை இது தொடாது.

'அளிக்குந்துணையும்' என்பதில் துணை, அளவு. சான்று முந்துக, பணியேற்பு பிந்துக என்பது கருத்து. மேலலுவலர், 'முகம் தெளிந்திருக்கின்றதே' எனத் தம் கண்ணையே சான்றாக்கி ஏற்கலாமோ எனின், ஆகாது. 'படிவம் 5-இல்' என விதந்தமையின்.

இனி அப்படிவம். பணியாளர் கையொப்பம் தலைக்கண் நிற்கும். சோதிக்கப்பட்டாரும் மீள்வாரும் ஒருவரே என்று காட்டற்கு. 'நோயினின்று தேறினார்' என்றமையாதே, 'இப்போது பணியேற்கத் தகுதியுடையார்' எனவும் மருத்துவர் எழுதல் வேண்டும். இது கூறியது கூறலன்றோ எனின், அன்று. காய்ச்சல் நீங்கியும் படியேற மூச்சு வாங்குவார் உளர். நீக்கம் வேறு, தகுதி வேறு. 'இப்போது' என்றது சோதித்த நாளை.

விடுப்புக்கு மருத்துவர் அளிக்கும் சான்றாகிய படிவம் 3-இல் நோயின் பெயர்க்கு இடம் உண்டு. படிவம் 5-இல் அஃதில்லை. மீண்டாரிடத்து அலுவலகம் அறியவேண்டுவது தகுதி ஒன்றே என்பது இதனாற் பெறப்படும். இந்நுட்பம் அறியாது, படிவம் 5-ஐக் கையில் வைத்துக்கொண்டு 'என்ன வியாதி?' என்று வினவும் எழுத்தர் விதி வேண்டாததை வேண்டியவராவர்.

காசநோயுற்றார்க்கு மட்டும் ஒரு குறிப்புண்டு: இலேசான வேலையே தருக எனப் பரிந்துரைக்கும் சான்றின்மேலும் அவரைப் பணியேற்க விடலாம். முழுத்தகுதி வருந்துணையும் வீட்டில் இருத்தாமை இதன் பயன்.

படிவத்தின் ஈற்றுத்தொடர் மருத்துவரை நோக்கியது. விடுப்புக்கு அடிப்படையான மூலச் சான்றுகளையோ சான்றிட்ட நகல்களையோ கண்டு ஆராய்ந்தபின்னரே முடிவுசெய்தேன் என அவர் உறுதி கூறுகின்றார். ஆகலின் பணியாளர், தகுதிச் சான்றுக்குச் செல்லுங்கால் பழைய சான்றின் மூலத்தையோ சான்றிட்ட நகலையோ உடன்கொண்டு செல்க.